குழந்தை பெரிசாம்: காத்திருப்பதா, வலி வரவழைப்பதா, நாள் குறித்து ஆபரேஷனா?

தங்கச்சி மகளுக்கு 36 வாரம் முடிந்திருந்தது. காரைக்குடியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்னே சொன்னாள்: "பெரியம்மா, பிள்ளை பெரிசா இருக்காம். தேதிக்குள்ள நாலு கிலோவைத் தொட்டுருமாம்." முகப்பில் வைத்துக் கவரைப் பிரித்தோம். 3,350 கிராம் என்று போட்டிருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் வீடு மூன்று கட்சியாகிவிட்டது. மாப்பிள்ளை போனிலேயே முடிவு சொல்லிவிட்டார்: ரிஸ்க் வேண்டாம், ஆபரேஷன். எங்கள் ஆயாவோ, "ஒங்க மாமன் ஒம்பது பவுண்டு. இந்த ரெண்டாங்கட்டு அறையிலதான் பெத்தேன், எந்த டாக்டரு வந்தாரு?" என்றார். (வீட்டில் பிறந்த பிள்ளையை யார் எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.) பார்க்கிற டாக்டரம்மா நடுவில் நின்றார்: "39 வாரத்துக்கு மேல பாத்துட்டு, வேணும்னா வலி வர வைக்கலாம்."

இதே குழப்பத்தோடு என்னிடம் கேட்கிறவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேராவது உண்டு. காரணம், நானே அந்த வழியாக வந்தவள். முதல் பிரசவத்தில் "நாலு கிலோ, நார்மலுக்கு வழியில்லை" என்று சொல்லித்தான் என்னை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளை பிறந்தது 3.2 கிலோ. அடுத்ததும் ஆபரேஷன்தான். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த 800 கிராம் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் நிறையப் படித்தேன், கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதை எடை போடுவது?

ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். எடைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கூட்டல் கழித்தல் குறியும் ஓர் எண்ணும் இருக்கும். எங்கள் ரிப்போர்ட்டில் 490 கிராம் என்று இருந்தது. வீட்டில் அதை ஒருவரும் படிக்கவில்லை. அதாவது 3,350 என்றால் உண்மையில் 2,860 ஆகவும் இருக்கலாம், 3,840 ஆகவும் இருக்கலாம். ஸ்கேன் மெஷின் குழந்தையை நிறுப்பதில்லை. தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகிய நாலையும் அளந்து ஒரு சூத்திரத்தில் போட்டு எடையை ஊகிக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் இருப்பது 1980களில் ஹூஸ்டனில் ஹாட்லாக் என்ற ரேடியாலஜிஸ்ட்டும் அவருடைய குழுவும் வகுத்த கணக்கு. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பிசகுவது அதற்குச் சகஜம். குழந்தை பெரிதாக ஆக, பிசகும் கூடும். ஒரு வாரம் கழித்து இன்னொரு சென்டரில் எடுத்த ஸ்கேனில் எடை குறைந்துவிட்டது என்று பதறி வருகிறவர்கள் உண்டு. குழந்தை இளைக்கவில்லை, வயிற்றின் குறுக்களவு சில மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே எடை ஓர் அளவுகோல்தான், தீர்ப்பு அல்ல. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் நாலு இருக்கின்றன.

தாய்க்குச் சர்க்கரை இருக்கிறதா என்பதுதான் என் கணக்கில் முதல் கேள்வி, எடையைவிடப் பெரிய கேள்வி. சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்குக் கொழுப்பு தோளிலும் வயிற்றிலும் சேருகிறது. தலை வெளியே வந்துவிடும், தோள் நின்றுவிடும். ஆகவே ஒரே நாலு கிலோ, சர்க்கரை இல்லாத தாய்க்கு ஒன்று, சர்க்கரை உள்ள தாய்க்கு வேறொன்று. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. ஒருமுறை பார்த்து நார்மல் என்றாலும், ஆறாம் மாதத்துக்கு மேல் திரும்பப் பார்க்க வேண்டும். எங்கள் தங்கச்சி மகளுக்கு அந்த இரண்டாவது டெஸ்ட் விட்டுப்போயிருந்தது. அந்த வாரம்தான் வளைகாப்பு. கந்தரப்பமும் பால் பணியாரமும் கும்மாயமும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தூக்குவாளியில் வந்துகொண்டிருந்தன. கவுனி அரிசி உடம்புக்கு நல்லதுதான். அதில் சர்க்கரையையும் நெய்யையும் அள்ளிப் போட்டுக் கிண்டிய பிறகும் நல்லது என்று பேசுவது நம்முடைய தைரியம். ஸ்கேன் வந்த மறுநாளே டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். 128. சரி, ஒரு பெரிய கவலை விட்டது.

இரண்டாவது, முன் பிரசவம். ஏற்கெனவே மூன்றரை கிலோவைச் சுகப்பிரசவமாகப் பெற்றவளுக்கு நாலு கிலோ பெரிய மலையில்லை. முன் பிரசவத்தில் தோள் மாட்டியிருந்தாலோ, வயிற்றில் ஆபரேஷன் தழும்பு இருந்தாலோ கணக்கே மாறும். மூன்றாவது, இன்னும் எத்தனை பிள்ளை பெறும் எண்ணம். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் ஆபரேஷனின் முழு விலை அடுத்த பிரசவத்தில்தான் தெரியும். நாலாவது, ஆஸ்பத்திரி எது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்.

பயம் எதைப் பற்றி?

"பெரிய குழந்தை" என்று டாக்டர்கள் தயங்குவதற்குப் பின்னால் இருக்கிற ஒரு பயம், தோள் மாட்டிக்கொள்வது. தலை வந்த பிறகு முன்தோள் தாயின் இடுப்பெலும்புக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். சில நிமிஷங்களுக்குள் எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது குழந்தையின் காறை எலும்பு முறியலாம். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டுக் கை தொங்கிப்போகலாம். எலும்பு சில வாரத்தில் சேர்ந்துவிடும். நரம்பும் பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாகிவிடும். நிரந்தரமாகக் கை பாதிக்கப்படுவது அரிது, ஆனால் இல்லாமல் இல்லை.

மொத்தச் சுகப்பிரசவங்களில் தோள் மாட்டுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நாலரை கிலோவைத் தாண்டினால் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து, சர்க்கரையும் சேர்ந்தால் இருபதுக்கு மேல். இதில் விசேஷம் என்னவென்றால், தோள் மாட்டுகிற குழந்தைகளில் ஏறக்குறைய பாதி நாலு கிலோவுக்குக் கீழே உள்ளவை. எடையை மட்டும் வைத்து யாருக்கு மாட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது இதிலிருந்தே தெரியும். ஆகவே லேபர் வார்டில் இருக்கிறவர்களுக்கு அதைக் கையாளத் தெரியுமா என்பது ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணைவிட முக்கியம். தாயின் இரண்டு தொடையையும் வயிற்றை நோக்கி நன்றாக மடக்கிப் பிடித்து, அடிவயிற்றில், எலும்புக்குச் சற்று மேலே, அழுத்திக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அதிலேயே தோள் விடுபட்டுவிடும். மேல்வயிற்றில் ஏறி அமுக்குவது அந்த நேரத்தில் தோளை இன்னும் இறுக்கத்தான் செய்யும். "மேல்வயித்துல அமுக்குவீங்களா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதிலை வைத்து ஆஸ்பத்திரியை ஓரளவு எடைபோட்டுவிடலாம்.

வழி 1: தானாக வலி வரும்வரை காத்திருப்பது

சர்க்கரை இல்லை, மதிப்பிட்ட எடை நாலு கிலோவுக்குள், குழந்தை நன்றாக அசைகிறது, தலை கீழே இருக்கிறது என்றால் இதுதான் இயல்பான வழி. வலி தானாக வரும்போது கருப்பை வாய் அதற்குமுன்பே பக்குவப்பட்டிருக்கும். பிரசவம் சீக்கிரம் முடியும், உடம்பும் சீக்கிரம் தேறும். பழைய பேச்சுக்கு நான் ஆள் இல்லை என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் ஆயா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு மூன்று. காத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தை ஏறக்குறைய 200 கிராம் கூடும். அப்புறம், பிரசவம் நடுவில் நின்றுபோய் அவசர ஆபரேஷன் ஆகலாம். நாள் குறித்துச் செய்வதைவிட அவசரத்தில் செய்வதில் தொந்தரவு அதிகம். மூன்றாவது, பெரிய குழந்தையைப் பெற்றபின் கருப்பை சரியாகச் சுருங்காமல் ரத்தம் கூடுதலாகப் போகலாம், கிழிசலும் பெரிதாகலாம்.

நம் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இந்த வழியில் தூரமும் ஒரு செலவு. காரைக்குடியில் ஜி.எச். இருக்கிறது. அதற்கு மேல் பெரிய இடம் என்றால் சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், புதுக்கோட்டை 40, மதுரை 90 போல. 108ஐக் கூப்பிட்டால் வரும். ஆனாலும் முழு வலியில் ராத்திரி வண்டியில் ஒரு மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை. காத்திருப்பது என்று முடிவெடுத்தால், 39 வாரத்துக்கு மேல் கர்ப்பிணியைக் கிராமத்து வீட்டில் வைத்துக்கொள்ளாமல் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். நகரத்தார் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிற காலத்தில் ஓர் அறை கிடைக்காமலா போகும்?

41 வாரத்தைத் தாண்டிக் காத்திருக்கக் கூடாது. குழந்தை பெரிதோ சிறிதோ, அந்த எல்லை பொது.

வழி 2: 39 வாரத்துக்கு மேல் வலி வரவழைப்பது

குழந்தை மேலும் வளரும் முன் எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் கணக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

2015இல் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பெல்ஜியத்தில் 822 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், 37இலிருந்து 39 வாரத்துக்குள் வலி வரவழைத்தவர்களில் தோள் சிக்கலும் அதைச் சார்ந்த காயமும் நூற்றுக்கு 2, காத்திருந்தவர்களில் 6. ஆபரேஷன் எண்ணிக்கை கூடவில்லை. நிரந்தரக் கை பாதிப்பு இரண்டு பக்கமும் இல்லை. அப்புறம் 2025இல் இங்கிலாந்தில் 2,893 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. 38ஆம் வாரத்தில் வலி வரவழைத்த பக்கம் 2.3, காத்திருந்த பக்கம் 3.1. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. காத்திருக்க வேண்டியவர்களில் பலருக்கும் சீக்கிரமே பிரசவம் ஆகிவிட்டது அதற்கு ஒரு காரணம். விதிப்படி நடந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது. ஆக, கொஞ்சம் பலன் உண்டு, பெரிய பலன் இல்லை. இன்னொரு பக்கம், குழந்தைக்கு மஞ்சள் காமாலை கூடுகிறது, தாய்க்குக் கிழிசல் கொஞ்சம் அதிகமாகிறது என்றும் சில ஆய்வுகளில் வந்திருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமோ, குழந்தை பெரிது என்ற ஒரே காரணத்துக்காக 39 வாரத்துக்கு முன்னால் வலி வரவழைக்கக் கூடாது என்கிறது.

எங்கள் பிள்ளை கடைசியில் எடுத்த வழி இதுதான். 40 வாரம் 2 நாள் வரை பார்த்துவிட்டு, காலை ஆறு மணிக்குக் கருப்பை வாயை இளக்கும் ஜெல் வைத்தார்கள். "நாளைக்குள்ள முடிஞ்சிரும்" என்றார் சிஸ்டர். நாளைக்குள் என்பதற்கு அர்த்தம் அப்போது புரியவில்லை. மத்தியானம் வரை ஒன்றுமில்லை. சாயங்காலம் இரண்டாவது ஜெல். ராத்திரி பதினொரு மணிக்கு லேசாக வலி. விடியற்காலை ட்ரிப்ஸில் மருந்து ஏற்றிய பிறகுதான் வலி நெருங்கி நெருங்கி வந்தது. தானாக வருகிற வலியைப் போல அது படிப்படியாக ஏறாது. ஒரேயடியாக ஏறும். அதற்குள் அவள் அம்மா மூன்று முறை அழுதாள், மாப்பிள்ளை நாலு முறை "ஆபரேஷனே பண்ணிருக்கலாம்" என்றார். நான் வராந்தாவில் உட்கார்ந்து கூஜாக் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். மொத்தம் 29 மணி நேரம். பெண் குழந்தை, 3,720 கிராம். தோள் மாட்டவில்லை. ஆனால் கிழிசலுக்குத் தையல் போட அரை மணி நேரம் ஆயிற்று, பத்து நாளைக்கு அவளால் நேராக உட்கார முடியவில்லை. சுகப்பிரசவம் என்ற பேருக்குள் இதெல்லாம் அடங்கியிருக்கிறது.

ஆகவே இந்த வழியின் மறைசெலவு முதலில் நேரம். தலைப்பிரசவத்தில் ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போங்கள். இரண்டாவது, வலி பிடிக்காமல் ஆபரேஷனில் முடிந்தால் இரண்டு வழியின் கஷ்டமும் ஒரே உடம்பில் விழும். தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு பில்லும் ஒன்றாக வரும். "வலி வர வைத்து ஆகாமல் ஆபரேஷன் ஆனால் மொத்தம் எவ்வளவு?" என்று முன்பே கேட்டு, எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். வலி குறைக்கும் முதுகு ஊசி நம் ஊர்ப் பக்கம் எல்லா இடத்திலும் கிடைக்காது, அதையும் கேளுங்கள். தேதி குறிக்கும் முன் டாக்டர் உள்பரிசோதனையில் கருப்பை வாய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். இறுக்கமாக மூடிக் கிடந்தால் நாலு நாள் தள்ளிப் போட முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை. ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சில மருந்துகளை வைக்கவே கூடாது, கருப்பைத் தழும்பு பிளந்துபோகலாம். அவர்கள் இந்த வழியைத் தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

வழி 3: நாள் குறித்து ஆபரேஷன்

இதன் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் திட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. பகல் வேளை, வெறும் வயிறு, மயக்க மருந்து டாக்டரும் குழந்தை டாக்டரும் பக்கத்தில், ரத்தம் தயார். தோள் மாட்டும் பயம் ஏறக்குறைய இல்லை. மதிப்பிட்ட எடை நாலரை கிலோவைத் தாண்டி, தாய்க்குச் சர்க்கரையும் இருந்தால் என் வீட்டுப் பிள்ளைக்கு நானே இதைத்தான் சொல்வேன். அமெரிக்கச் சங்கத்தின் கணக்கும் அதுதான்: சர்க்கரை இருந்தால் நாலரை கிலோ, இல்லாவிட்டால் ஐந்து கிலோ. அதற்கு மேல்தான் எடைக்காக மட்டும் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்கிறது.

அந்த எல்லை ஏன் அவ்வளவு உயரத்தில்? 1996இல் வந்த ஒரு கணக்கைப் பாருங்கள். சர்க்கரை இல்லாத தாய்மார்களுக்கு, நாலரை கிலோ என்று ஸ்கேன் சொன்னதும் எல்லாருக்கும் ஆபரேஷன் செய்தால், நிரந்தரமாகக் கை பாதிக்கப்படும் ஒரு குழந்தையைக் காப்பாற்ற 3,695 பேரின் வயிற்றைக் கிழிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களிடம் அதே எண் 443. இரண்டும் ஒன்றா?

இப்போது நம் ஊர் நிலவரம். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 44.9 ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36, தனியாரில் 63.8. நம் பக்கக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டே முக்காலிலிருந்து மூன்றேகால் கிலோவுக்குள் பிறக்கிறவை. நாலரை கிலோ என்பது இங்கே அபூர்வம். இருந்தும் மூன்றரையைத் தாண்டினாலே "பெரிசு" என்ற பேச்சு வந்துவிடுகிறது. ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை ஏறிவிட்டால், குழந்தை நிஜத்தில் பெரிதோ இல்லையோ, ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கூடுகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் கதையும் அதுதான்.

மறைசெலவில் முதலாவது, வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பிக்கிறது. நம் வளவு வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்புக்கு ஏற நாலு படி, ஒவ்வொரு கட்டுக்கும் முழங்கால் உயர நிலைப்படி, கழிப்பறை மூன்றாங்கட்டைத் தாண்டிக் கொல்லைப் பக்கம், அதுவும் குந்தி உட்கார்கிற மாதிரி. தையலோடு அங்கே போய் உட்கார்ந்து எழுந்த முதல் வாரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வாயில் முந்தானையைக் கடித்துக்கொண்டு. ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டால் முன்கூட்டியே ஒரு கமோட் நாற்காலியையாவது வாங்கி அறைப் பக்கத்தில் போட்டு வையுங்கள். பித்தளைக் குடம் தூக்குவது, குனிந்து பெருக்குவது எல்லாம் ஆறு வாரத்துக்குக் கூடாது.

இரண்டாவது மறைசெலவு பெரியது. தழும்பு உள்ள கருப்பையில் அடுத்த பிள்ளையின் நஞ்சுக்கொடி கீழே வந்து அந்தத் தழும்பின் மேலேயே ஒட்டிக்கொள்ளலாம். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களில், அது கருப்பைத் தசைக்குள் வேர்விட்டு உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பு முதல் ஆபரேஷனில் நூற்றுக்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. ஒரு பிள்ளையோடு நிறுத்துகிறவளுக்கு இந்தக் கணக்கு பொருட்டில்லை. மூன்று வேண்டும் என்கிறவளுக்கு இதுதான் முதல் கணக்கு.

அப்புறம் ஜோசியர். நாள் குறித்து எடுப்பது என்றதும் நட்சத்திரம், லக்னம் என்று ஆரம்பித்துவிடுவோம். நம்பிக்கை அவரவர் விஷயம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் 39 வாரத்துக்கு முன்னால் எடுத்தால், வலியே காணாமல் பிறந்த குழந்தைக்கு மூச்சு வாங்கும் வாய்ப்பு கூடும். பெட்டியில் வைத்துப் பார்க்கிற நிலை வரலாம். 38ஆம் வாரத்தில் எவ்வளவு பெரிய யோக நட்சத்திரம் வந்தாலும், 39 தாண்டிய பிறகு வருகிற நட்சத்திரங்களில் ஒன்றைத் தேடித் தரச் சொல்லுங்கள். நல்ல ஜோசியர் தேடித் தருவார்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| எதைப் பார்க்க | காத்திருப்பது | வலி வரவழைப்பது | நாள் குறித்த ஆபரேஷன் |
|---|---|---|---|
| தோள் மாட்டும் பயம் | உண்டு, எடையும் சர்க்கரையும் கூடக் கூடும் | சற்றுக் குறையலாம் | ஏறக்குறைய இல்லை |
| ஆஸ்பத்திரியில் இருப்பு | குறைவு | பிரசவத்துக்கே இரண்டு நாள் ஆகலாம் | பிரசவம் ஒரு மணி நேரம், தங்கல் அதிகம் |
| உடம்பு தேறுவது | சீக்கிரம், கிழிசல் இல்லாவிட்டால் | அதேபோல், களைப்பு கூடுதல் | ஆறு வாரம் |
| அடுத்த பிரசவத்துக்கு | பாதிப்பு குறைவு | பாதிப்பு குறைவு | தழும்பின் சிக்கல், ஒவ்வொன்றுக்கும் கூடும் |
| திட்டமிட வசதி | இல்லை | ஓரளவு | முழுதாக |
| தூரத்துக் கிராமத்துக்கு | சிரமம் | பரவாயில்லை | வசதி |

பணத்தை அட்டவணையில் சேர்க்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மூன்று வழியும் இலவசம், மருந்தும் ரத்தமும் உட்பட. தகுதி உள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவியும் உண்டு, கர்ப்பத்தைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சீக்கிரம் பதிந்திருந்தால். தனியாரில் விலை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். என்ன விலையானாலும், கையில் இருக்கிற பணத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பதைவிட ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுங்கள்.

யாருக்கு எது?

சர்க்கரை இல்லை, ஸ்கேன் எடை நாலு கிலோவுக்குள்: காத்திருக்கலாம், 41ஐத் தாண்டாமல். தலைப்பிரசவமாக இருந்தாலும் சரி.

சர்க்கரை இல்லை, நாலிலிருந்து நாலரை: இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. 39 வாரத்துக்குப் பிறகு கருப்பை வாய் இளகியிருந்தால் வலி வரவழைப்பது நியாயம், இறுகியிருந்தால் சில நாள் பொறுப்பது நியாயம். இரண்டு நாள் வலி தாங்க மனசே இல்லை, ஒரு பிள்ளை போதும் என்று தீர்மானித்தவள், எல்லாம் தெரிந்துகொண்டு ஆபரேஷன் கேட்டால் அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன். முடிவு அவளுடையதாக இருக்கட்டும், மாப்பிள்ளையுடையதாகவோ ஆயாவுடையதாகவோ வேண்டாம்.

சர்க்கரை இருக்கிறது, மாத்திரை அல்லது இன்சுலினில் கட்டுப்பாட்டில் இருக்கிறது: 39 வாரம் ஆனதும் பிரசவத்தை முடித்துக்கொள்ளும்படிதான் பெரும்பாலும் சொல்வார்கள், அதைத் தள்ளிப் போடாதீர்கள். எடை நாலரையை நெருங்கினால் ஆபரேஷனைத் தீவிரமாக யோசியுங்கள்.

முன்பு தோள் மாட்டியவள், முன்பு ஆபரேஷன் ஆனவள்: இந்தக் கட்டுரை உங்களுக்குப் போதாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு 34 வாரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரைப் பாருங்கள். "போன தடவை என்னாச்சு?" என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தக் காகிதத்தில் இருப்பதுதான் செல்லும்.

எப்படிப் பிறந்தாலும்

பெரிய குழந்தை பிறந்ததும், முக்கியமாகத் தாய்க்குச் சர்க்கரை இருந்தால், குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வயிற்றுக்குள் தாராளமாக வந்துகொண்டிருந்த சர்க்கரை தொப்புள்கொடியோடு நின்றுவிடுகிறது, ஆனால் குழந்தையின் உடம்பு இன்சுலினை அதே வேகத்தில் சுரந்துகொண்டே இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் சேனை வைக்க, அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் தடவ, தேனோடு வந்து நிற்பார். எங்களுக்கு ஆயாவேதான் வந்தார், சின்ன வெள்ளிச் சங்கோடு. டாக்டரம்மா சொன்னால் கேட்பார் என்று அவர்களை விட்டே வேண்டாம் என்று சொல்ல வைத்தோம். சங்கை முந்தானையில் முடிந்துகொண்டு, "அப்ப பேரையாச்சும் காதுல சொல்லலாம்ல?" என்றார். அதற்குத் தடையில்லை.

கையைப் பாருங்கள். இரண்டு கையையும் குழந்தை ஒரேமாதிரி மடக்கி நீட்டுகிறதா என்று குளிப்பாட்டுகிறவரிடம் கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்று அசையாமல் கிடந்தால், எண்ணெய் தேய்த்து நீவி விடுகிற வேலையெல்லாம் வேண்டாம், அன்றே குழந்தை டாக்டர்.

தாய்க்குச் சர்க்கரை இருந்திருந்தால் ஆறாவது வாரம் அந்த 75 கிராம் டெஸ்ட்டைத் திரும்ப எடுக்க வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடவும் அதே வாரம்தான் போவீர்கள். அவள் வெறும் வயிற்றோடு கிளம்பட்டும், இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிடலாம்.